கையெழுத்துக்கு முன்

பலாபத்வலை ஊருக்கு மேலே மலையில் உள்ள கன்னியர் மடத்தில் மணி அடித்தால், எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு எழ வேண்டும். அதுதான் அங்கே முதல் கீழ்ப்படிதல்.

மடத்தை விட்டுப் போக அனுமதி கேட்டு ஜெசிந்தா மூன்று நாட்களாகக் கடிதம் எழுதினாள். கையெழுத்திடத் தொடங்கும்போதெல்லாம் மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நித்திய வார்த்தைப்பாடு, சாகும்வரை துறவியாக இருப்பேன் என்ற உறுதிமொழி. அதன் பிறகு கடிதத்தால் பயனில்லை.

சனிக்கிழமை காலை, விரிசல் விட்டிருந்த அந்த மணியைக் கூண்டிலிருந்து இறக்கி, சரிசெய்யக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள்.

"இன்னைக்கு யாரு நம்மள எழுப்பப் போறாங்க, சிஸ்டர்?" என்று சமையலறைப் பிலோமினா சிரித்தாள். "வீட்டுக்குத்தானே எழுதுறீங்க? மாசிச் சம்பல் அனுப்பச் சொல்லுங்க."

ஜெசிந்தா தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினாள். இரண்டாவதைத் தொடங்கினாள். மணி அடித்தது.

ஜன்னல் வழியே பார்த்தாள். மணிக்கூண்டு காலியாக இருந்தது. முற்றத்தில் சகோதரிகள் வரிசையாகச் சிற்றாலயத்துக்குப் போனார்கள். பிலோமினா கையில் ஒட்டிய மாவோடு நடந்தாள். யாரும் மேலே பார்க்கவில்லை.

இந்த முறை எழுதி முடித்தே தீருவது என்று ஜெசிந்தா தீர்மானித்தாள். அப்படித் தீர்மானித்தபோதே அவள், எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியாமலே, சிற்றாலயத்தில் தன் இடத்தில் மண்டியிட்டிருந்தாள். பேனா பிடித்த விரல்கள் காற்றில் எழுதிக்கொண்டிருந்தன.