திரி சாயும் பக்கம்

கணவன் செய்ட்கான் இறந்ததிலிருந்து ரபிகா தினமும் மூன்று தேநீர்க் கிண்ணங்களில் மெழுகுவர்த்தி வார்த்தாள். அல்மாட்டி நகரில் அவர்கள் வழக்கப்படி, நாற்பது நாளும் வாசலில் விளக்கு எரிய வேண்டும். திரி நட்டநடுவில் நிற்காவிட்டால் சூட்டில் கிண்ணம் விரிசல் விடும். அதனால் திரியைத் துணிக்கிளிப்பில் கவ்வி, கிளிப்பைக் கிண்ணத்தின் குறுக்கே வைத்து, ஜன்னலோரம் ஆறவிடுவாள்.

முப்பத்தேழாம் நாள் மெழுகு இறுகியபோது மூன்று திரிகளும் வாசல் பக்கம் சாய்ந்திருந்தன. மறுநாள், சாப்பாட்டு மேசைப் பக்கம்.

“கிளிப்பத் தொட்டியா, குல்பாஷ்?” என்று நாத்தனாரைக் கேட்டாள்.

“எனக்கு வேற வேலை இல்லையா அண்ணி? உங்க கைதான் நடுங்குது.”

“கை நடுங்கினா மூணும் ஒரே பக்கமாவா சாயும்?”

அடுத்த நாள் குல்பாஷைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்து கிண்ணங்களையே பார்த்திருந்தாள். கிளிப்புகள் அசையவே இல்லை. மெழுகு வெளுத்து இறுகியது. மூன்று திரிகளும் சோபாவை நோக்கிச் சாய்ந்திருந்தன. அவளை நோக்கி அல்ல. அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை நோக்கி.

ரபிகா எப்போதும்போலக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.