வெளியூர் ஆள்

"ஏம்மா, இந்த ஆபீஸ்ல ஆம்பளை யாரும் இல்லையா?"

செவ்வந்தி பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தாள். வாசலில் வெள்ளை வேட்டி, வெற்றிலை வாய், கக்கத்தில் தோல் பை.

"முதலாளி ஜும்மாவுக்குப் போயிருக்காரு. வர ஒரு மணி நேரம் ஆவும். ஆள் வேணும்னா என்கிட்டயே சொல்லலாம். உக்காருங்க."

திருச்சி பாலக்கரையில் பக்கீர் முகம்மது நடத்தும் ஆள் சேர்க்கும் அலுவலகம் அது. ஆலையோ, ஹோட்டலோ, கட்டடமோ, எதற்கு ஆள் தேவைப்பட்டாலும் அங்கே வருவார்கள். சிறு வயதிலிருந்தே திருச்சியில் தங்கிப் படித்து, பி.ஏ. முடித்து, அரசாங்க வேலைக்குப் பதிவு செய்துவிட்டு இரண்டு வருடம் காத்திருந்த செவ்வந்திக்கு, அடுத்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கிற வேலைதான் கிடைத்திருந்தது.

வந்தவர் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். "பஞ்சநதம்னா திருப்பனந்தாள் பக்கம் தெரியாத ஆள் கிடையாது. கதிர் அறுக்க இருபது பேர் வேணும். வெளியூர் ஆளா இருக்கணும்."

"ஏன், உங்க ஊர்ல ஆள் இல்லையா?"

"இருக்கானுவ. அறுத்து அடிக்கிற ஒவ்வொரு கலத்துக்கும் அஞ்சு லிட்டர் நெல்லு கூலி கொடுத்துக்கிட்டிருந்தேன். இப்ப அஞ்சரை வேணுமாம். இந்த ஆட்சி வந்ததுலேருந்து ஆளாளுக்குச் சட்டம் பேசுறானுவ. வேலையே கிடையாது, போங்கடான்னுட்டேன். பத்து நாளா ஒரு பயலையும் வெளியில காணோம். பயந்துக்கிட்டு வீட்டுக்குள்ள கிடக்குறானுவ."

"பயமாத்தான் இருக்கும்," என்றாள் செவ்வந்தி. "பயிர் எப்படி இருக்கு?"

"குறுவை சாஞ்சு கிடக்கு. மழை பிடிச்சா கதிரோட முளைச்சிடும். அதானே அவசரம்!"

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். "பஞ்சாலைக்கு நாப்பது பேர் இருக்காங்க. பீடி சுத்த முப்பது. ஹோட்டல்ல மாவாட்ட, லாரியில மூட்டை ஏத்த, அச்சாபீஸ்ல எழுத்துக் கோக்க, சினிமாக் கொட்டகையில டிக்கெட் கிழிக்க..."

"கிழிக்கிறவன் எதுக்கும்மா? அறுக்கிறவன் வேணும்!"

"மூணு வேளையும் சோறு திங்கிற டவுன் இது. ஆனா நெல்லு அறுக்கிறவங்கன்னு தனியா ஒரு பக்கம் இந்த நோட்டுல கிடையாது." இன்னும் ஒரு தாளைத் திருப்பினாள். "கட்டட வேலையில இருபது பேர் இருக்காங்க. ஆம்பளை பாதி, பொம்பளை பாதி. இப்ப செங்கல் சுமக்குறாங்க. ஆனா கதிர் நல்லா அறுப்பாங்க. நான் உத்தரவாதம்."

"சங்கம் கிங்கம் உண்டா?"

"திருச்சியில அவங்களுக்குச் சங்கம் கிடையாது."

"அது போதும்!"

"ஒரு எட்டு வந்து பாத்துடுங்களேன். அடுத்த தெருவுலதான் கட்டடம்."

"இந்த வெயில்லயா? அவனுவ மூஞ்சியப் பாத்து நான் என்ன பண்ணப் போறேன்? கை கால் இருந்தா சரி."

"கூலி கலத்துக்கு ஆறு லிட்டர். லாரிச் செலவும் உங்களுது."

வெற்றிலை மெல்லுவது நின்றது. "ஆறா?"

"உங்க ஊர்க்காரங்க அஞ்சரைதானே கேட்டாங்க? பேசாம அவங்களுக்கே சரின்னு சொல்லிடலாமே."

"அந்தச் சங்கத்து மருதையன் முன்னாடி நான் இறங்குறதா? ஆறு என்ன, ஏழுன்னாலும் வெளியூர் ஆளுக்குத்தான் கொடுப்பேன்!"

"ஏழுன்னே எழுதட்டுமா?"

"ஆறே எழுது," என்றார் அவசரமாக. "ஆனா ஒண்ணு. அறுப்பு முடியிற வரைக்கும் ஒருத்தனும் பாதியில ஓடக் கூடாது. அதையும் எழுது."

"எழுதுறேன். நீங்களும் பாதியில விரட்டக் கூடாது. விரட்டினா முழு அறுப்புக்கும் கூலி."

"நான் எதுக்கு விரட்டப் போறேன்?"

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எட்டு ஏக்கரும் சேத்துத்தானே?"

"சேத்துத்தான், சேத்துத்தான்." பஞ்சநதம் ஒப்பந்தத்தின் இரண்டு பிரதியிலும் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்று திரும்பினார். "பொம்பளையா இருந்தாலும் கறாராத்தான் இருக்கே."

மறுநாள் காலை. வெளியூர் ஆள் வருகிற செய்தியை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, வரப்பில் குடையோடு நின்றிருந்தார் பஞ்சநதம். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. லாரி வந்து நின்றது. தார்ப்பாய் விலகியது.

முதலில் குதித்தவர் மருதையன். பின்னாலேயே அவர் மனைவி, பிறகு அவர்கள் தெருவே இறங்கியது. எல்லார் கையிலும் அரிவாள்.

"டேய் மருதை! நீ எங்கடா இதுல?"

"வெளியூர் ஆளு கேட்டீங்களாமே, அது நாங்கதாங்க ஐயா. போங்கடான்னீங்க, போனோம். திருச்சியில செங்கல் சுமந்தோம்." மருதையன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். "ஆறு லிட்டருன்னதும் எங்களுக்கே நம்பிக்கை இல்லீங்க. கையெழுத்தைப் பாத்த பிறகுதான் லாரி ஏறினோம். சங்கக் கொடியை எடுத்தாரலீங்க. எல்லாம் முறைப்படி."

பஞ்சநதம் வானத்தைப் பார்த்தார். சாய்ந்து கிடந்த பயிரைப் பார்த்தார். தாளில் தன் கையெழுத்தைப் பார்த்தார். ஒரு துளி மழை அதன்மேல் விழுந்தது.

"அந்த ஆபீஸ்காரி என்னை நல்லா ஏமாத்திட்டா! யாரு பெத்த பொண்ணுடா அது?"

"நான் பெத்ததுதாங்க," என்றார் மருதையன், தோளில் கிடந்த துண்டை எடுக்காமலே. "வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து எட்டு ஏக்கர்லதான் தண்ணி வடியாது, அதை முதல்ல அறுத்துடுப்பான்னு சொல்லித்தான் அனுப்பிச்சுது."