குளத்துப் பக்கம் வராதே

கடல் விலங்கு மருத்துவமனையில் கடல்நாய்க் குட்டிகளுக்கு மீன் ஊட்டுபவன், மதியமே வீடு திரும்பி வாசலில் நின்று தும்மினான்.

"டாக்டர் அனுப்பிட்டாரு. ஒரு வாரம் குட்டிங்க இருக்குற குளத்துப் பக்கமே வரக் கூடாதாம்."

மனைவி இரண்டடி பின்வாங்கினாள். "அதுங்ககிட்ட இருந்து வைரஸ் ஒட்டிக்கும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? அங்கேயே நில்லுங்க."

கொல்லைப்புறமாகவே குளியலறைக்கு ஓட்டிப் போய், வாயைத் திறக்க விடாமல் வெந்நீரும் சோப்புமாகத் தேய்த்தெடுத்தாள். துண்டை நீட்டும்போதுதான் கேட்டாள்:

"எந்தக் குட்டிக்குங்க வைரஸ்?"

"எதுக்கும் இல்ல. போன வாரம் உனக்கு வந்த ஜலதோஷம்தான் எனக்கு ஒட்டியிருக்கு. அது குட்டிங்களுக்கும் ஒட்டிடக் கூடாதுன்னுதான் டாக்டர் என்னை விரட்டிட்டாரு."

அவள் மெல்ல நழுவப் பார்த்தாள். அவன் வெந்நீர்ச் சொம்பைக் கையில் எடுத்தான்.

"இப்ப நீ அங்கேயே நில்லு."