நாலடி உயரம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அடுப்பில் வைத்தது கொதிப்பதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். அவ்வளவு சின்னக் கதைதான். ஆனால் பாதியில் எழுந்து போகக் கூடாது.

"யாரு அந்த ஆளு? என் மருமகளைப் பேசவே விட மாட்டேங்கிறானே," என்று பல்லைக் கடித்தார் மாமியார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த வானிலைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "திட்ட அலுவலகத்து அதிகாரிம்மா. கத்தரின்னு பேரு வச்சிருக்கோம். அவர் மேஜைக்குப் போன கோப்பு முழுசாத் திரும்பினதில்லை."

அது பருவநிலை மாற்றம் பற்றிய ஆய்வு மாநாடு. ஆய்வாளர்கள் கண்டதை அதிகாரிகளும் அமைச்சரும் நேரில் உட்கார்ந்து கேட்கட்டும் என்று கூட்டியது. மேடையில் நின்றவர் மருமகள். ஆற்று வெள்ளத்தை ஆராய்பவர். ஆற்றங்கரையில் புதிதாகக் கட்டப்போகும் குழந்தைகள் மருத்துவமனையின் தரைமட்டத்தை நாலடி உயர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இதே கோரிக்கை கோப்பாகப் போய் மூன்று முறை திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஒரு புதுக் கேள்வி. அடுத்த வாரம் அஸ்திவாரம் தோண்டப் போகிறார்கள். இன்று விட்டால் விட்டதுதான்.

மாமியார் அதே கரையில் இருந்த பழைய மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளம் புகுந்தபோது முழங்கால் தண்ணீரில், கைக்கு ஒன்றாகக் குழந்தைகளை மாடிக்குத் தூக்கிப் போனவர். மருமகள் சாப்பிட மறந்துவிடுவாள் என்று டிபன் டப்பாவோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"இருபது வருஷ மழையைப் பார்த்துட்டு நூறு வருஷக் கட்டடத்துக்கு ஜோசியம் சொல்றீங்களா?" என்றார் கத்தரி. அரங்கில் சிரிப்பு எழுந்தது.

"இருபது இல்லை சார், அறுபத்திரண்டு வருஷம்," என்றார் மருமகள். "பழைய பதிவேட்டையெல்லாம் தூசி தட்டி எடுத்தோம். நாலாவது பக்கத்துல இருக்கு."

"ஆறு சாதுவாத்தானே ஓடிட்டிருக்கு?"

"வருஷத்துல முந்நூத்தி அறுபது நாள் சாதுதான் சார். மிச்சம் அஞ்சு நாளுக்குத்தான் இந்த நாலடி."

"நானும் சாதுதான்," என்று முணுமுணுத்தார் மாமியார். "அந்த ஆள் வெளியில வரட்டும்."

"நாலடி ஏத்திட்டா, முடியாத குழந்தைங்க எப்படி ஏறும்?" என்று அடுத்ததைக் கேட்டார் கத்தரி.

"சாய்தளம் வரைஞ்சிருக்கோம். வீல்சேர் தள்ளுறவங்களுக்கு மூச்சு வாங்காது."

"சரி, உங்க கணக்கு தப்பாப் போச்சுன்னா?"

மருமகள் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"என் கணக்கு தப்புன்னா, எட்டுப் படியைச் சும்மா ஏறி இறங்குவோம். உங்க கணக்கு தப்புன்னா, குழந்தைங்களைத் தோள்ல போட்டுட்டு நீந்தணும்."

கடைசி வரிசையிலிருந்து ஒற்றைக் கைதட்டல் கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"அம்மா, நடுவுல தட்டக் கூடாது," என்று பதறினார் வானிலைக்காரர்.

"நல்ல பதிலுக்குத் தட்டாம அப்புறம் எதுக்கு ரெண்டு கை?"

கத்தரி விடுவதாக இல்லை. அந்த மண் தாங்குமா என்றார். தாங்கும், மூன்று இடத்தில் துளைபோட்டுப் பார்த்தாயிற்று என்றார் மருமகள். உயர்த்தினால் பக்கத்துத் தெருவுக்குத் தண்ணீர் ஒதுங்காதா என்றார். ஒதுங்காது, கட்டடத்துக்கு அடியில் வழி விட்டிருக்கிறோம் என்று படத்தைக் காட்டினார். கத்தரி மறுபடியும் வாயைத் திறந்தார். அதற்குள் அமைச்சர் கையை உயர்த்திவிட்டார்.

"போதும். இவ்வளவு குடைஞ்சு கேட்டும் ஒண்ணுக்குக்கூடத் தடுமாறல. எல்லாத்தையும் கூட்டக் குறிப்புல ஏத்துங்க. இனிமே இந்தக் கேள்விங்களை எழுதி யாரும் கோப்பைத் திருப்பக் கூடாது. நாலடி உயர்த்திக் கட்டட்டும்."

இந்த முறை அரங்கமே தட்டியது. மாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனாலும் கோபம் ஆறவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் கத்தரியைத் தேடிப் பிடித்தார். அவர் தட்டும் கையுமாக வரிசையில் நின்றிருந்தார்.

"ஏன் தம்பி, ஒரு பொண்ணு தனியா நின்னு பேசினா இப்படியா நிக்க வச்சுக் குறுக்கு விசாரணை பண்ணுவீங்க? மூணு நாளா அவளுக்குச் சோறு இறங்கல, தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா இப்படி வறுத்தெடுத்தீங்க? ஒரு கேள்வியாவது மிச்சம் வச்சீங்களா?"

"ஒண்ணு வச்சிருக்கேன்," என்றார் கத்தரி. முகம் உண்மையிலேயே வாடியிருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "அவங்ககிட்ட கொடுத்திருங்கம்மா. ஏழாவதை மட்டும் கேக்க முடியல, அதுக்குள்ள அமைச்சர் சரின்னுட்டாங்க. கோச்சுக்க வேணாம்னு சொல்லுங்க."

மாமியார் தாளைப் பிரித்தார். ஒன்று முதல் ஆறு வரை, மேடையில் கத்தரி கேட்ட அதே கேள்விகள், சொல்லுக்குச் சொல். ஏழாவதும் இருந்தது. ஏழும், வீட்டில் மாமியாரின் மாத்திரை டப்பாக்களில் 'சாப்பாட்டுக்கு முன்', 'பின்' என்று எழுதி ஒட்டியிருக்கும் மருமகளின் குண்டு குண்டுக் கையெழுத்தில்.

எந்த வெள்ளமும் உங்கள் வீட்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று திரும்பிப் போகட்டும், கண்ணுகளா; உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டு நன்றாக இருக்கட்டும்.