காரணம் தெரியவில்லை

படார் என்று கதவு சுவரில் மோதியதில் மோகினியின் மேசையிலிருந்த ஃபைல்கள் சரிந்தன.

வாசலை அடைத்துக்கொண்டு ஓர் ஆள் நின்றான். ஒட்ட வெட்டிய முடி. பட்டாளத்து பூட்ஸ். கக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலம்.

"வரதோலி கிராமத்து ஏழுமலையோட ஃபைல் இங்கதானே இருக்கு?"

பூர்வகுடி பிஜிக்காரன். ஆனால் நம் ஆட்களைப் போலவே இந்தி பேசினான்.

அந்த ஃபைல் அவள் முழங்கைக்கு அடியில்தான் இருந்தது.

"அப்படி யாரும் இல்லை. உங்க பேர் என்ன?"

"டாக்டர் வரட்டும். அவர்கிட்ட சொல்றேன்."

பெஞ்சில் உட்கார்ந்தான். பொட்டலத்தை மடியிலிருந்து இறக்கவில்லை.

தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதன் பிறகு இந்தச் சின்ன மருத்துவமனையில் குளியலறையில் வழுக்கி விழுந்தவர்கள் திடீரென்று பெருகிப்போனார்கள். மோகினி எதுவும் கேட்டதில்லை. டாக்டர் எழுதும் நோயைக் குறியீடாக மாற்றிப் பதிவது அவள் வேலை. டாக்டர் எழுதாததை அவள் எழுதக் கூடாது. வழுக்கி விழுந்தது என்றால் வழுக்கி விழுந்தது.

ஏழுமலை அதுகூடச் சொல்லவில்லை.

ஆகஸ்டில் தொடை வீக்கத்தோடு வந்தபோது, "அடிபட்டதா?" என்று டாக்டர் ராஜேந்திரா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றார் ஏழுமலை. டாக்டர் அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். தசைக்குள் சுண்ணாம்பு படிந்து கல் மாதிரி இறுகியிருந்தது. அடிபட்டு வந்தால் அதற்கு ஒரு குறியீடு உண்டு. இவருக்கு மோகினி பதிந்தது வேறு: எம் 61.9. காரணம் தெரியவில்லை.

அதுதான் இப்போது அவர் காலைக் கட்டிப்போட்டிருந்தது. நியூசிலாந்து விசாவுக்காக எக்ஸ்ரே பார்த்த வேறொரு டாக்டர், அடிபடாமல் இப்படி வருவது சந்தேகம், எலும்புப் புற்றாக இருக்கலாம் என்று எழுதி விசாவை நிறுத்திவைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் இங்கிருந்து பதில் போகாவிட்டால் நியூசிலாந்து கிடையாது. கரும்பு நிலத்தின் குத்தகையும் முடிந்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது.

நேற்று ஏழுமலை மனைவி சரோஜுடன் வந்து நின்றார். இந்த ஆபீசில் தமிழ் பேசத் தெரிந்தவள் மோகினி ஒருத்திதான்.

"மரத்துலேருந்து வுழுந்துட்டேன்னு எழுதிடு தங்கச்சி. ஒரு வரிதானே."

"அப்போ ஒண்ணும் படலன்னீங்க. இப்போ மரமா? எந்த மரம்ண்ணே?"

யோசித்தார். "மாமரம்."

பக்கத்து மேசை பல்ராமுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் அது புரிந்துவிட்டது.

"விசான்னு சொன்னதும் ஒருத்தனுக்குச் சர்க்கரை போயிடுது, இன்னொருத்தனுக்கு மரம் முளைக்குது!" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

மோகினி சிரிக்கவில்லை. இப்படி ஒரு வரியை மாற்றிக் கொடுத்துத்தான் இங்கே வேலை பார்த்த தங்கராஜ் போன மாதம் வேலையை இழந்தார்.

"நேர்ல பார்த்தவங்க யாராச்சும் வந்து டாக்டர்கிட்ட சொல்லட்டும். அவர் எழுதினா நானு மாத்துறேன்."

சரோஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஏழுமலை அவள் கையை அழுத்திப் பிடித்தார்.

இன்று இந்த ஆள்.

வெளிநாடு போகிறவர்களின் பட்டியல் யாரோ எடுக்கிறார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிகளில் ஃபைல்கள் காணாமல் போவதாகவும் கேள்வி. அவள் பொட்டலத்தின் நீளத்தைக் கண்ணால் அளந்தாள். என்ன வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஃபைலை மெல்ல இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினாள். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

அவன் அதைப் பார்த்தான்.

பல்ராம் டெலிபோனைத் தூக்கி, "போலீசைக் கூப்பிடவா?" என்று கிசுகிசுத்தார். பிறகு, வருகிற போலீஸ் யார் பக்கமோ என்று தோன்றியிருக்க வேண்டும். அவரே கீழே வைத்துவிட்டார்.

டாக்டர் ராஜேந்திரா உள்ளே வந்தார்.

அந்த ஆள் எழுந்தான். குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தான். இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தான். பொட்டலத்தைப் பிரித்தான்.

யங்கோனா வேர்க்கட்டு. இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்களே, அது.

சிமென்ட் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வேர்க்கட்டை டாக்டரின் காலடிக்கு நகர்த்தினான். உள்ளங்கைகளைக் குழித்து மூன்று முறை தட்டினான்.

மோகினிக்கு அந்த வழக்கம் தெரியும். பெரிதாக எதையாவது கேட்க வந்தால் அவர்கள் இப்படி வைத்துவிட்டுத் தரையில் உட்காருவார்கள். வேரைத் தொட்டு வாங்கிவிட்டால் இல்லை என்று சொல்வது கஷ்டம்.

டாக்டரின் கை நீண்டது.

"தொடாதீங்க டாக்டர்! அந்த ஃபைலைத்தான் கேட்டு வந்திருக்கான்."

கை பாதியில் நின்றது.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னான்:

"ஃபைல் உங்ககிட்டயே இருக்கட்டும். நேர்ல பார்த்த ஆள் வேணும்னு சரோஜ் அக்கா எங்க வீட்டு வாசல்ல வந்து சொல்லிட்டுப் போனாங்க. எழுதிக்கோங்க டாக்டர், ஏழுமலை அண்ணன் எந்த மரத்துலேருந்தும் விழல, துப்பாக்கிக் கட்டையால அவர் தொடையில அடிச்சது நான்தான்."