அராட் ஊர் டோரு

பிரஷோ நகரில் நானும் என் கணவர் சொரினும் வீட்டைச் சூடாக்கும் விறகுக் கணப்பு விற்றோம். வாடிக்கையாளர்கள் கேள்வி கேட்கவென்று ஆரம்பித்த இணைய மன்றத்தை ஆறு மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

“யாராவது கேட்டாத்தானே பதில் சொல்ல முடியும்?” என்று சொல்லி, இல்லாத ஒரு வாடிக்கையாளரைச் சொரின் உண்டாக்கினார். அராட் ஊர் டோரு. உள்ளறையிலிருந்து அவர் டோருவாகக் கேட்பார். முன்மேசையிலிருந்து நான் கடையின் பெயரில் பதில் எழுதுவேன்.

“ஈர விறகு போடலாமான்னு கேக்குறான். இப்படி ஒரு மடையனா?” என்று கத்துவேன்.

“மடையன் ஒருத்தன் கேட்டாத்தான் மத்தவங்க கூச்சப்படாம கேப்பாங்க, லெனுட்சா.”

அவர் சொன்னபடியே கூட்டம் வந்தது. என்னை லெனுட்சா என்று கூப்பிட்டது அவர் மட்டும்தான்.

மார்ச்சில் சொரின் இறந்தார். டோருவின் கடவுச்சொல்லை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ஒருநாள் மன்றத்தைத் திறந்தேன். டோரு கேட்டிருந்தான்: “கணப்பு பத்தவே மாட்டேங்குது. என்ன பண்ண?”

எவனோ விளையாடுகிறான் என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் கேள்வியைப் பதிலில்லாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை. காய்ந்த ஓக் விறகு போடுங்கள், முதலில் புகைபோக்கியைத் திறந்து வையுங்கள் என்று எழுதினேன்.

“இங்க விறகே கெடையாது, லெனுட்சா. அத விடு. வீடு சூடா இருக்கா?”

அந்தப் பெயரை இரண்டு முறை படித்துவிட்டு, “சூடாத்தான் இருக்கு” என்று எழுதினேன். அடக்கம் முடிந்த நாளிலிருந்து வீட்டுக் கணப்பில் நான் நெருப்பு மூட்டவே இல்லை.

பதில் உடனே வந்தது.

“பொய் சொல்லாத. இங்க வரைக்கும் குளிருது.”