ஆறும் ஒரே கம்பெனி

மேம்பாலத்தில் லாரி படுத்துவிட்டதென்று ஓடிவந்த லாரிக்காரர், ஷெட்டில் வரிசையாக நின்ற ஆறு இழுவை வண்டிகளைப் பார்த்து அசந்துபோனார்.

“ஆறும் ஒரே கம்பெனியா வாங்கியிருக்கீங்களே சார், ஏன்?”

யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று பத்து வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தவர் முதலாளி. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“இந்தத் தொழில்ல யாரை வேணா கேளுங்க, இதே கம்பெனியைத்தான் சொல்லுவாங்க. மலையையே கட்டி இழுக்கலாம்!”

“மத்த கம்பெனி வண்டிங்க?”

“அதெல்லாம் நாங்க இழுத்துட்டு வர்ற வண்டிங்க.”

லாரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “அப்ப ஒண்ணை உடனே அனுப்புங்க சார்.”

“மாப்ளே, வண்டியை எடு!”

முதல் வண்டியின் அடியிலிருந்து, முதலாளியின் மனைவிக்குத் தம்பியும் ஷெட்டுக்கு மெக்கானிக்குமானவன் தலையை நீட்டினான்.

“அரை மணி நேரம் பொறுங்க மாமா. ரெண்டாவது வண்டி ஸ்டார்ட்டர், மூணாவது பேட்டரி, அஞ்சாவது கியர்பாக்ஸ் எல்லாம் இதுல மாட்டியாச்சு. ஆறாவதுலேருந்து ரெண்டு டயரைக் கழட்டிப் போட்டா, இது கிளம்பிடும்.”

லாரிக்காரர் முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார்.

தூக்கிவிட்ட காலரை மெல்ல இறக்கிக்கொண்டே முதலாளி சொன்னார்:

“இப்ப புரியுதா சார்? வேற வேற கம்பெனியா வாங்கியிருந்தா, இந்த ஒண்ணுகூட ஓடாது.”